எதிர்வீடு நகர்ந்து வந்த தெரு

போர்வெல் வண்டியோடு மூன்று மாநிலம் சுற்றிவிட்டு வந்த புருஷனின் காக்கிச் சட்டையைக் கோகிலவாணி வாசல் துவைகல்லில் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள், முதல் தண்ணியில் செம்மண் இறங்கியது, இரண்டாம் தண்ணியில் மஞ்சளாய் ஓடைமண் இறங்கியது, மூன்றாம் தண்ணியில் பல்பொடி மாதிரி வெள்ளைக் கல்தூள் இறங்கியது, அர்த்தநாரி பூமிக்குள் எந்த வரிசையில் ஓட்டை போட்டுக்கொண்டு போனானோ அதே வரிசையில் பூமி அவன் சட்டையை விட்டு வெளியே வந்து தெரு நடுச்சாக்கடையில் ஓடியது. ஒவ்வொரு தடவை வரும்போதும் அவன் இப்படி ஒரு ஊரைத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டு வந்து போட்டுவிட்டு, இரண்டு நாள் தூங்கி, மறுபடியும் வண்டி ஏறிவிடுவான்.

சட்டையை உதறிக் காயப்போடப் போனபோதுதான் பார்த்தாள். தன் ஜன்னல் கம்பிக்கும் எதிர்வீட்டுச் சுப்பாத்தாளின் ஜன்னல் கம்பிக்கும் நேராகக் கட்டியிருந்த கொடிக்கயிறு கோணிக்கொண்டு, முறுக்கேறி, விரல் பட்டதும் டொய்ங் என்று பேசியது. கோகிலா அதற்குப் பதில் பேசவில்லை. பெயரில்தான் குயில், வாயில் எப்போதும் கொழுக்கட்டை. முடிச்சை அவிழ்த்து ஒரு முழம் விட்டுக் கட்டிவிட்டு, உள்ளே போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

இரண்டாவதாகப் பார்த்தது வேகத்தடை. தெருவுக்குக் குறுக்கே ஒன்றாய்ப் படுத்திருந்தது இப்போது சாக்கடைக்கு இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி மீதியுமாகக் கிடந்தது. பைக்கில் போகிறவர்கள் ஒரு தடவை குதிக்க வேண்டிய இடத்தில் வளைந்து வளைந்து குதிக்காமலே போனார்கள், போகிறபோது நன்றி சொல்கிற மாதிரி ஹாரன் அடித்தார்கள். மூன்றாவதாகத்தான் எல்லாரும் பார்த்தார்கள். மாரியம்மன் நோம்பிக்காக இரண்டு வரிசைப் பெண்களும் சேர்ந்து தெரு அடைக்கப் போட்ட கலர்க்கோலத்தில், நோம்பி முடிகிற அன்று மயிலுக்குத் தாமரை வால் முளைத்திருந்தது, யானைக்குத் தும்பிக்கை இருந்த இடத்தில் வாழைக்குலை தொங்கியது. பெண்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று நிதானமாகப் பார்த்தார்கள்.

"இதுவும் நல்லாத்தான் இருக்குது," என்றாள் கோகிலாவின் பக்கத்து வீட்டு ரத்தினாக்கா. "மேக்கு வரிசை வடக்க போகுது. நம்ம வரிசை தெக்க போகுது. அவ்வளவுதானே, போனாப் போகட்டும்."

அப்படித்தான் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தெரு, ஒரு அமாவாசைக்கும் மறு அமாவாசைக்கும் நடுவில் ஒரு வீட்டு அகலம் என்கிற கணக்கில், இரண்டு வரிசையும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு எதிரெதிராக நகரத் தொடங்கியது. தெருவும் அதற்கு ஒத்துக்கொண்டு போகத் தொடங்கியது. கரண்டுக்காரர் அமாவாசைக்கு அமாவாசை ஏணியோடு வந்து ஒயரை நீட்டிக் கட்டினார், வந்ததற்கு ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்தார். எதிர்வீட்டு டிவியை ஜன்னல் வழியாக ஓசியில் பார்த்துப் பழகின பெரியவருக்கு மாசத்துக்கு ஒரு சேனல் மாறியது, பாதியில் விட்ட நாடகத்தின் மீதிக் கதையை அவர் தானே சொல்லிக்கொண்டார், அது டிவியில் வந்ததை விட நன்றாக இருந்ததாகக் கேட்டவர்கள் சொன்னார்கள். சாக்கடைத் தண்ணிக்காக ஏழு வருஷம் சண்டை போட்ட இரண்டு வீடுகள் ஒன்றை விட்டு ஒன்று நகர்ந்து போனபோது, இனி யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இரண்டு வீட்டுக்காரிகளும் ஒருவரையொருவர் பார்த்து அழுதே விட்டார்கள்.

சென்னையிலிருந்து ஜீப்பில் எஸ்தர் மேடம் வந்தார். பூமி ஆடுகிறதைப் படித்த அம்மா. ஒரு பெட்டியைச் சாக்கடை ஓரம் வைத்து அது கிறுக்கினதைப் பார்த்துவிட்டு, பெண்களைக் கூட்டி உட்கார வைத்துச் சொன்னார்: நாம் நிற்பது மேலோடு, அது ஒரே ஓடு இல்லை, உடைந்த தட்டுத் தட்டாக இருக்கிறது, அதற்குக் கீழே வெகு ஆழத்துக்குக் கல், ஆனால் சூட்டில் இளகின கல், பாகு மாதிரி மெல்ல மெல்ல ஓடும், அதற்கும் கீழே உருகின இரும்பு, அதற்கும் நடுவில் எத்தனை சூடானாலும் உருக முடியாமல் எல்லாப் பாரமும் சேர்ந்து அழுத்தி வைத்திருக்கிற ஒரு இரும்புக் குண்டு.

"தட்டு எப்படிங்க நகருது?" என்று ரத்தினாக்கா கேட்டாள்.

"கீழ இருக்கற கல்லு சூடாகி மேல வரும், ஆறிப்போனது கீழ இறங்கும். அந்தச் சுத்தல்ல மேல இருக்கற தட்டும் நகரும்."

"உலையில அரிசி சுத்தற மாதிரி."

"அதேதான்."

"அத்தன பெரிய அடுப்பு கீழ எரியுது, இங்க சிலிண்டர் ஒரு மாசம் தாண்ட மாட்டேங்குதுங்க மேடம்."

எஸ்தர் மேடம் சிரித்துவிட்டார். சாதாரணமாகத் தட்டுகள் நகம் வளர்கிற வேகத்தில்தான் நகரும் என்றும், இரண்டு தட்டு உரசுகிற எல்லை எப்படியோ இந்தச் சாக்கடைக்கு வந்துவிட்டது என்றும், இந்தத் தெரு மட்டும் ஏன் இத்தனை அவசரப்படுகிறது என்பது தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். இந்த நாடே வடக்கே நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது, அது போய் முட்டினதில்தான் இமயமலை மடங்கி எழுந்தது என்றும் சொன்னார்.

"அப்புறம் எதுக்கு எங்க ஆம்பளைங்க லாரி ஏறி வடக்க போறாங்க?" என்றாள் ரத்தினாக்கா. "ஊட்டுலயே உக்காந்திருந்தாப் போய்ச் சேந்திரலாமே!"

எல்லாரும் சிரித்தார்கள். கோகிலா மட்டும் முந்தானைக்குள் சிரித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் மேற்கு வரிசையைத் தெற்கே பார்த்து ஒவ்வொரு வீடாக எண்ணினாள். அவள் எதை எண்ணினாள் என்பது தெருவுக்கே தெரியும்.

மேற்கு வரிசையில் தெற்கே இருந்தது அவள் பிறந்த வீடு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ராசிபுரத்தில் மாப்பிள்ளை பார்த்துப் பாக்கு வெற்றிலை மாற்றுகிற அன்றைக்குக் காலையில், எனக்கு அர்த்தநாரியைத்தான் பிடித்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வராமல், கட்டின புடவையோடு கோகிலா தெருவைக் குறுக்கே தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டாள். ஒறம்பரை சனமெல்லாம் வந்து பாயில் உட்கார்ந்திருந்தது. "அவனத்தான் கட்டுவேன்னு வாயத் தொறந்து சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போய்க் குடுத்திருப்பேன், நான் என்ன சாமியா, மனசுல இருக்கறதக் கண்டுக்க?" என்று அவளுடைய அம்மா தங்காயி அன்றைக்குச் சொன்னதுதான், அதற்கப்புறம் பேச்சில்லை. பிள்ளை பிறந்தது, காது குத்தினது, தவழ்ந்தது, எல்லாவற்றையும் தங்காயி தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து, பார்க்காத மாதிரி பார்த்தாள்.

அந்தத் தெருவில் எதிர்வீட்டு முறை என்று ஒன்று உண்டு. ஆண்கள் எல்லாம் போர் போட வெளியூர் போய்விடுகிற தெரு, பாதி வீடுகளில் பெண்ணும் பிள்ளையும்தான். அதனால் விடிந்ததும் கதவைத் திறக்கிறவள் எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டும். அவள் உள்ளேயிருந்து "இருக்கறேன்" என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் வாசல் தெளிக்கலாம். குரல் வரவில்லை என்றால் ஓடிப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். தெரு நகர ஆரம்பித்ததும் இந்த முறையை என்ன செய்வது என்று பேச்சு வந்தது, அன்றன்றைக்கு எதிரில் யார் வந்து நிற்கிறாளோ அவளே எதிர்வீட்டுக்காரி என்று முடிவானது, அதிலும் ஒரு சந்தோஷம் இருந்தது, இத்தனை வருஷம் தெருவில் இருந்தும் குரல் தெரியாத பெண்களின் குரல் எல்லாருக்கும் தெரிய வந்தது.

கோகிலாவுக்குக் கூப்பிட வராது. அவள் வாசலுக்கு வந்து இரண்டு தடவை வளையலை ஆட்டுவாள். சுப்பாத்தாள் அதற்கே "இருக்கறேன் கண்ணு" என்பாள். அடுத்த மாசம் எதிரில் வந்தவளும், அதற்கடுத்த மாசம் வந்தவளும் அப்படியே ஒத்துக்கொண்டார்கள். ஆனால் தங்காயி குழாயடியில் எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டாள்.

"என்ற ஊடு அவ ஊட்டுக்கு எதிர்ல வந்தா, அவ வாயத் தொறந்துதான் கூப்புடோணும். வளையல ஆட்டுனாத் திரும்பிப் பாக்க நான் என்ன மாடா?"

ரத்தினாக்கா இதை அப்படியே கொண்டு வந்து சேர்த்தாள், கூடவே தன் பங்குக்கு, "இப்பவே பழகிக்கோ, ஆட்டுக்குட்டி மாதிரி ம்மே ம்மேன்னாவது கத்து," என்றாள். கோகிலா சமையல் கட்டில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் அம்மா என்று சொல்லிப் பார்த்தாள். அவளுக்கே கேட்கவில்லை. பிறந்த வீடு எதிரில் வரும், ஒரு மாசம் நிற்கும், அப்படியே வடக்கே போய்விடும், அந்த ஒரு மாசத்துக்குள் வாய் வரவில்லை என்றால் பிறகு வரவே வராது என்று அவளுக்குத் தெரிந்தது. அர்த்தநாரியிடம் போனில் சொல்லி அழுதாள். அவன், "எத்தன அடி போட்டாலும் நாங்க பூமியோட தோலைத்தான் சுரண்டறோம் புள்ள, உங்கம்மா மனசு அவ்வளவு ஆழமெல்லாம் இருக்காது," என்று சொன்னான், அத்தோடு சிக்னல் போய்விட்டது.

ஐப்பசி மழை பிடித்தது. மழைக்காலத்தில் போர் போட முடியாது, வண்டிகள் எல்லாம் ஊர் திரும்பித் தெருமுனையில் வரிசையாக நின்றன, அர்த்தநாரி போன வண்டி மட்டும் எங்கேயோ சேற்றில் சிக்கி நின்றது. வேலையில்லாத ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்து தெருவைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார்கள், அதுதான் வினையாகப் போயிற்று. தங்காயி வீடு கோகிலா வீட்டுக்கு நேர் வர இன்னும் ஒரு வீடுதான் பாக்கி. கோகிலாவின் அப்பா சென்னியப்பன் சொந்தமாக வண்டி வைத்திருப்பவர், அவருக்கு உலகத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் ஒரே மருந்துதான் தெரியும், அது துளை போடுவது.

"சாக்கடை நடுவுல ஆயிரம் அடிக்குப் போட்டு, உள்ள இரும்பு கேசிங் பைப்ப இறக்கி உட்டா, ஆணி அடிச்ச மாதிரி ரெண்டு வரிசையும் நின்னுக்கும்," என்றார். "வெறும் வளையல் சத்தத்துக்குக் கதவத் தொறக்கற கேவலம் எம் பொண்டாட்டிக்கு வேண்டாம்."

வண்டி வந்தது. தெருவே காதைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தது. செம்மண் பறந்தது, மஞ்சள் மண் பறந்தது, கல்தூள் பறந்து எல்லார் தலையும் நரைத்தது, பைப் ஒன்றின் மேல் ஒன்றாக இறங்கியது. அன்று சாயங்காலம் தெரு நின்றுவிட்டது. ஆண்கள் கை தட்டினார்கள். சென்னியப்பனுக்கு ஒருவர் துண்டு போர்த்தினார்.

எஸ்தர் மேடம் போனில் கேட்டுவிட்டுப் பதறினார். "ஐயோ, அது நிக்காதுங்க! கீழ இழுத்துக்கிட்டேதான் இருக்கும். மேல புடிச்சு வெச்சா எல்லாம் சேந்து ஒருநாள் ஒரே குதியாக் குதிக்கும். அதப் புடுங்கிருங்க."

"எறக்குன பைப்ப ஏத்துன பழக்கம் எங்களுக்கு இல்லீங்க மேடம்," என்றார் சென்னியப்பன்.

தெரு நின்றது, ஆனால் சும்மா நிற்கவில்லை. சுவரில் காது வைத்தால் முனகல் கேட்டது. கதவுகள் நிலையில் இறுகிக்கொண்டன, ஆளுக்கு ஆள் ஜன்னல் வழியாக ஏறி இறங்கினார்கள். கோலத்துக்குப் புள்ளி வைத்தால் புள்ளி நீளமாயிற்று. கொடிக்கயிறு யாரும் தொடாமலே நாள் முழுக்கப் பாடியது. கோகிலா வாசலில் நின்று பார்த்தால் அம்மா வீட்டின் ஓரத்து ஜன்னல் மட்டும் தெரிந்தது, அதில் ஒரு பழைய புடவை திரையாகத் தொங்கியது, காற்றில் அது அசைந்தபோதெல்லாம் இவள் மூச்சும் அசைந்தது. நகர்ந்தால் பயம், நகராவிட்டால் அதைவிடப் பயம். ஊரையே உலுக்கப் போகிற ஒன்றுக்குத் தான் மட்டும் காத்துக்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் குதித்தது.

முதலில் பறவைகள் எல்லாம் வாயை மூடின. அப்புறம் சாக்கடைக்குள் கரும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம், பைப் முறிந்து, மேல் துண்டு கொக்கு மாதிரி கழுத்தை வளைத்துக்கொண்டு வெளியே வந்தது. இரண்டு வரிசையும் ஒரே இழுப்பில் ஒரு வீடு தள்ளிப் போய் நின்றன. பாத்திரம் உருண்டது, நாய்கள் ஊளையிட்டன, இறுகிக் கிடந்த கதவுகள் எல்லாம் படபடவென்று தாமாகத் திறந்துகொண்டன. பிள்ளையை வாரியெடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்த கோகிலாவுக்கு நேர் எதிரில், கதவெல்லாம் திறந்த அம்மா வீடு, வாசல் தொடங்கிச் சமையல் கட்டு வரை ஒரே நேராகத் தெரிந்தது. முறுக்குச் சுட்டுக்கொண்டு நின்றிருந்த தங்காயி நிலை தடுமாறித் தரையில் கிடந்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய்ச் சட்டி மேடை விளிம்புக்கு மெல்ல மெல்ல நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

"அம்மா! எண்ணெய்! தள்ளிப் போம்மா, அடுப்ப அணைம்மா!"

அந்தக் குரல் எங்கேயிருந்து வந்தது என்று தெருவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கோகிலாவும் பார்த்தாள். மாரியம்மன் கோயில் மேலிருந்த புறாக்கள் கிளம்பிப் போய்விட்டு இரண்டு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தன. தங்காயி உருண்டு விலகினாள், எட்டி அடுப்பை அணைத்தாள், சட்டி அவள் இருந்த இடத்தில் விழுந்து சடசடத்தது. அவள் எழுந்து புடவையை உதறினாள். வாசல் வரை வந்து மகளைப் பார்த்தாள், மகள் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள். ஆனால் மெதுவாகச் சாத்தினாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் தெரு முழுக்க ஒரே வழக்கு.

"கூப்புட்டுட்டா! அம்மான்னு மூணு தடவ கூப்புட்டா, நான் எண்ணிட்டேன்," என்றாள் ரத்தினாக்கா.

"அது ஆபத்துக்குக் கத்துனது, முறையில சேராது," என்றார் சென்னியப்பன், துண்டு இல்லாமல்.

குழாயடியில் தங்காயியையே கேட்டார்கள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "அவ கூப்புட்டது என்னையா எண்ணெய்ச் சட்டியையான்னு எனக்கு எப்படித் தெரியும்? விடிஞ்சாத் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விடிந்தது. தீபாவளி நாளும் அதுவுமாக ஒரு வாசலிலும் தண்ணி விழவில்லை. அவரவர் வாளியோடும் விளக்குமாற்றோடும் சும்மா நின்றார்கள், கேட்டால் சீமாற்றில் ஈர்க்குச்சி சரி செய்கிறேன் என்றார்கள். எதிரெதிரில் இரண்டு கதவு மட்டும் மூடியிருந்தது. கோகிலா தாழ்ப்பாளைத் தள்ளினாள், வாசலுக்கு வந்தாள். கை தானாக வளையலை ஆட்டப் போனது. ஆனால் அந்தக் கையில் பிள்ளை தூக்கம் கலையாமல் தலை சாய்த்திருந்தது, வளையல் எல்லாம் பிள்ளையின் கன்னத்துக்கடியில் அமுங்கிக் கிடந்தது.

"அம்மா," என்றாள்.

கதவு அசையவில்லை.

"எம்மோவ்!"

"எந்த அம்மா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இந்தத் தெருவுல ஊட்டுக்கு ஊடு அம்மாதான்."

விளக்குமாறுகள் சிரித்தன. கோகிலாவின் முகம் குங்குமமாகிப் போயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு காலையில், இதே தொண்டையில், வராமல் நின்ற ஒன்று இப்போது கீழேயிருந்து சூடாகக் கிளம்பி மேலே வந்தது.

"என்னையப் பெத்த அம்மா! மேக்கு வரிசையில, முறுக்கச் சுடத் தெரியாம சட்டியக் கவுத்த தங்காயி அம்மா! தெருவே வாசல் தெளிக்காம நிக்குது. இருக்கறயா, நான் வந்து கதவத் தட்டோணுமா?"

எதிர்க்கதவு திறந்தது. தங்காயி சொம்பும் கையுமாக நின்றாள், சிரிப்பை உதட்டுக்குள் அடக்கியிருந்தாள், கண்ணை அடக்க முடியவில்லை.

"இத்தன பேச்ச எங்கடி வெச்சிருந்த?" என்றாள். அப்புறம், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இருக்கறேன்," என்றாள்.

ஒரே நேரத்தில் இரண்டு வரிசையிலும் தண்ணி விழுந்தது.

பிறகு தெரு பழையபடி அதன் பாட்டில் நகர்ந்தது. கோகிலாவின் பிள்ளை காலையில் எதிர்வீட்டுக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்பி வந்தது. கோகிலா பேசினாள். பூக்காரியிடம் பேசினாள், கரண்டுக்காரரிடம் பேசினாள், சேற்றிலிருந்து மீண்டு வந்த அர்த்தநாரி இரண்டு நாள் அவள் பேச்சைக் கேட்டுவிட்டு, வேறு யாருடைய வீட்டுக்குள்ளாவது தவறி வந்துவிட்டேனா என்று கேட்டான். தீபாவளி முடிந்து ஒரு வாரம் ஆகும்போது, அம்மா வீட்டு வாசல் ஏற்கெனவே இரண்டு அடி வடக்கே போயிருந்தது. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ரத்தினாக்கா அதைக் கத்தியால் காட்டினாள்.

"கெளம்பிட்டாங்க பாரு உங்கம்மா. இன்னொரு மாசம், ரெண்டு மாசம் போனா, கூப்புட மைக் செட்டுத்தான் வெக்கோணும். என்னடி பண்ணுவ?"

"அதுக்கென்னக்கா," என்று கோகிலா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தானும் ஒரு பிடி அவரைக்காயை எடுத்து நார் உரித்துக்கொண்டே, "நான் எஸ்தர் மேடத்துக்கே போன் பண்ணிக் கேட்டுட்டேன், கீழ அந்தச் சூட்டுக் கல்லு சுத்தறது எப்பவும் நிக்காதாம், பூமி உருண்டதானே, மேக்கு வரிசை வடக்க போயிட்டே இருக்கட்டும், மலையெல்லாம் தாண்டி, பனியெல்லாம் தாண்டி, அந்தப் பக்கம் கடல்ல எறங்கி ஏறி, ஒருநாள் தெக்கால இருந்து சுத்திக்கிட்டு வந்து மறுபடியும் நம்ம தெருவுக்குள்ள நுழையும், அன்னிக்குக் காலையில நான் கதவத் தொறக்கறேன், எதிர்ல எங்கம்மா"

"ஏ கோகிலா! அங்க என்னடி வாயாடிட்டிருக்க, புள்ள எந்திரிச்சுத் தேடறா, சீக்கிரம் வா!"

"வந்துட்டேம்மா!" என்று மடியை உதறி எழுந்த கோகிலா, சாக்கடையை ஒரே எட்டில் தாண்டிக்கொண்டே திரும்பி, "வந்து சொல்றேன்க்கா, அன்னிக்கு எங்கம்மா என்ன சொல்லுவாங்கன்னா